மேனேஜரின் புதிய மெத்தை

சுண்டெலிக்குப் பத்து வயது. அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டெலிதான்.

இந்தச் சுண்டெலியின் உயிர்த்தோழன் ஒரு பூனை. கொழுகொழுவென்ற சாம்பல் நிறப் பூனை. நாள் முழுக்கத் தான் ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்பவர்களை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

அன்று சனிக்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. எப்போதும் அடுப்பங்கரையில் சுருண்டு கிடக்கும் மேனேஜரைக் காணோம். கட்டிலுக்கு அடியிலும் இல்லை, அலமாரிக்கு மேலும் இல்லை. பட்டறையில் இருக்குமோ என்று சுண்டெலி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தைத் தாண்டித் தனியாக ஒரு கொட்டகை. அதுதான் பட்டறை. சுண்டெலியின் அம்மா தச்சுவேலை செய்பவர். பல வருடம் அடுத்தவர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். முதல் வேலையாக, ஒரு நூலகத்துக்கு நாற்பது முக்காலிகள் செய்துகொண்டிருந்தார்.

பட்டறைக்குக் கரண்ட் வந்தது சமையலறையிலிருந்துதான். அங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் வயரைச் செருகி, தோட்டம் வழியாக இழுத்து வந்திருந்தார் அப்பா. சக்கரத்தில் சுற்றி விற்கும் ஐம்பது மீட்டர் வயர். பட்டறைக்குத் தேவைப்பட்டதோ பதினைந்து மீட்டர்தான்.

சுண்டெலியின் அப்பா ஒழுங்கென்றால் உயிரை விடுபவர். சட்டைகளை நிறம் பார்த்து அடுக்குபவர். மிச்ச வயர் தரையில் தாறுமாறாகக் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வருமா? அதன் சக்கரத்திலேயே அழகாகச் சுற்றி, வாசலோரம் இருந்த வேலை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். மரத்தூள் படக்கூடாது என்று மேலே ஒரு சாக்கையும் போர்த்தினார்.

சுண்டெலி பட்டறைக்குள் நுழைந்தபோது அம்மா பலகை அறுத்துக்கொண்டிருந்தார். காதுகளில் பெரிய கவசம். மெஷின் போட்ட சத்தத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

மேசைக்கு அடியில், சாக்கின் மேல், ராஜா மாதிரிப் படுத்திருந்தது மேனேஜர்.

"ஓகோ, புது மெத்தையா?" என்று சுண்டெலி அதன் வயிற்றுக்கு அடியில் கையை விட்டாள். அடுத்த நொடியே கையை இழுத்துக்கொண்டாள்.

சாக்கு அப்படிச் சுட்டது. பூனையின் சூடு இல்லை இது. அவள் சாக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கினாள். பிளாஸ்டிக் சீப்பு தீயில் விழுந்தது போல ஒரு நாற்றம் குப்பென்று வந்தது.

சுண்டெலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் பார்த்தாள். மேசைக்கு அடியில் மரத்தூள், மூலையில் மரச்சுருள், சுவரோரம் காய்ந்த பலகைகள். நடுவில் ஒன்றும் தெரியாமல் அம்மா.

அம்மாவைத் தொட்டுக் கூப்பிடலாமா? கூடாது. மெஷின் ஓடும்போது பக்கத்தில் வரவே கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். கை வழுக்கினால் விரல் போய்விடும். அந்த வயரைப் பிடுங்கலாமா? ஐயோ, அது அதைவிட மோசம்.

குடையை மறந்தாள். மேனேஜரை வாரி அணைத்துக்கொண்டு மழையில் ஒரே ஓட்டமாக ஓடினாள். சமையலறைக்குள் பாய்ந்து சுவிட்சைத் தட்டி அணைத்தாள். பட்டறையில் மெஷின் சத்தம் இழுத்து இழுத்து நின்றது.

"ஏய், அம்மா அங்க வேலை செய்யறாங்க. எதுக்கு அணைச்சே?" என்று அப்பா அதிர்ந்து கேட்டார்.

சுண்டெலிக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, வயர் வேகுது."

மூவரும் மேசைக்கு அடியில் குனிந்தார்கள். பிளக்கைப் பிடுங்கி வந்த அப்பா சாக்கை விலக்கினார். சாக்கின் அடிப்பக்கம் கருகத் தொடங்கியிருந்தது. வயரைப் பிரித்துப் பார்த்தார். மேல் சுற்றுகள் வந்தன. உள்ளே இருந்தவை ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றன.

அப்பாவின் முகம் வெளிறிப்போயிற்று. அப்படியே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

"அழகா இருக்கட்டும்னு நான்தான் சுத்தி வெச்சேன்" என்றார்.

அம்மா மரத்தூளைப் பார்த்தார், சுண்டெலியைப் பார்த்தார், அவளை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். நடுவில் மாட்டிக்கொண்ட மேனேஜர் மட்டும் ஆட்சேபம் தெரிவித்தது.

சாயங்காலமே கரண்ட் அக்கா வந்தார். அந்தத் தெருவுக்கே மின்வேலை பார்ப்பவர் அவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும்.

"வயர்ல கரண்ட் ஓடினா கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். பிரிச்சுப் போட்டா சூடு காத்துல போயிடும். சுத்தி வெச்சு, போர்வையும் போத்தினா எங்க போகும்?" என்றார். "பிரிச்சுப் போட்டிருந்தாலும் இந்த ஒல்லி வயர் ரொம்ப நாள் தாங்காது. பட்டறைக்குத் தனி லைன் இழுத்துடலாம். எவ்வளவு தடிமன்னு முடிவு பண்ணணும். ஒரே நேரத்துல என்னென்ன ஓடும்?"

"அறுக்கிற மெஷின் ஒண்ணுதான்" என்றார் அம்மா.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அப்பா.

சுண்டெலி விழித்தாள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசலாமா? ஆனால் கருகிய சாக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அம்மா, நீ அறுக்கும்போது தூசி உறிஞ்சற மெஷினும் ஓடுமே?"

"அட, ஆமா. அதை மறந்துட்டேன்."

"ஃபேன். ரெண்டு லைட்டு. பசை காய்ச்சற கரண்ட் அடுப்பு." சுண்டெலி விரல்களை மடக்கினாள். "அப்புறம் மூணு மணிக்கு அப்பா அங்கயே வந்து கெட்டில்ல டீ போடுவார். அப்பவும் அம்மா மெஷினை நிறுத்த மாட்டா."

"டீயெல்லாமா கணக்கு?" என்று அப்பா முனகினார்.

காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டிருந்த கரண்ட் அக்கா நிமிர்ந்தார். "அண்ணா, அறுக்கிற மெஷினைவிட உங்க கெட்டில்தான் அதிகமா கரண்ட் குடிக்குது."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க அம்மா கைரம்பத்தால் அறுத்தார். அப்பா தோட்டத்தில் பள்ளம் தோண்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேரான பள்ளம். அதில் குழாய் பதித்து, சுண்டெலியின் கட்டை விரல் பருமனுக்கு ஒரு வயரை உள்ளே விட்டார் கரண்ட் அக்கா. பட்டறைச் சுவரில் தனியாக ஒரு சுவிட்ச் பெட்டியும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். கெட்டில் உட்பட. ஒரு மணி நேரம் ஓடியது. விளக்குகூட மங்கவில்லை. ஆனாலும் அப்பாவுக்குப் பயம் தெளியவில்லை. மூடிய பள்ளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது மேனேஜர் வந்தது. பள்ளத்து மண்ணை மோந்தது. அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. நால்வரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். சற்று நேரத்தில் அது வெறுப்பாக எழுந்து, வாலை உயர்த்திக்கொண்டு அடுப்பங்கரைக்கு நடையைக் கட்டியது.

"மேனேஜருக்குப் பிடிக்கலை" என்றாள் சுண்டெலி.

"சூடே இல்ல. அப்ப நம்ம வேலை சரியா இருக்கு" என்று கருவிப் பெட்டியை மூடினார் கரண்ட் அக்கா.