வரைபடத்தில் இல்லாத சுரங்கப்பாதை

யதுர்ஷாவுக்கு மழையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். போன ஓகஸ்ட் வெள்ளத்தில், கலியாணங்களுக்கு வாடகைக்குக் கொடுக்க அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மணவறை அலங்காரமெல்லாம் நிலவறையில் ஊறி நாசமாய்ப் போயிற்று.

இன்றும் மழை. நோர்வேயில் அவள் குடியிருக்கும் மோர்டென்ஸ்ருட்டில், தெருவுக்குக் கீழே போகும் நடைபாதைச் சுரங்கத்தின் வாசலில், வழியை மறித்தபடி டேப்லெட்டோடு ஒருவன் நின்றான். தமிழ் முகம். இமையில் மழைத்துளி... சே, அதையெல்லாம் ஏன் பார்க்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோயம்புத்தூர் இளமாறனாம். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணினி வரைபடத்தில் கணக்கிடுகிறவனாம். மேலே வரப்போகும் வாகனத் தரிப்பிடத்தால் கீழ் வீடுகளுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை எழுதிய புண்ணியவான் அவன்தான்! தெரு அணை மாதிரித் தண்ணீரைத் தடுத்துவிடுமாம்.

"நிலத்தை விமானத்துல இருந்து அளந்ததுங்க. தப்பே வராது."

"மேலை இருந்து பாத்தால் தெரு தெரியும். தெருவுக்குக் கீழை இருக்கிற ஓட்டை தெரியுமோ?"

அலங்காரப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் செவ்வந்தியை எடுத்து ஓடிக்கொண்டிருந்த மழைநீரில் விட்டாள். அது சுரங்கத்துக்குள் புகுந்து, மறுபக்கம் வந்து, அவள் வீட்டு நிலவறை ஜன்னலில் முட்டி நின்றது. பின்னாலேயே ஓடிவந்தவன் பூவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே நின்றான். அவளுக்கும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"அறிக்கை குடுத்தாச்சே..." என்று அவன் முணுமுணுத்தபோதுதான் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. முதுகெலும்பில்லாதவன்!

செவ்வாய்க்கிழமை குடியிருப்பாளர் கூட்டம். தரிப்பிடத்துக்குச் சம்மதமா என்று கை தூக்க வேண்டும். இளமாறனின் மேலாளர் அந்தப் பழைய வரைபடத்தைத் திரையில் காட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்றார். யதுர்ஷா எழுந்து, அது பிழை என்றாள். நிபுணர்கள் போட்ட கணக்கு, உட்காருங்கள் என்றார் அவர். அவள் உட்காரவில்லை.

அப்போது இளமாறனும் எழுந்தான். மேலாளர் முறைக்க முறைக்க, சுரங்கத்தையும் சேர்த்துப் புதிதாய்ப் போட்ட கணக்கைத் திரையில் காட்டினான். நீலக் கோடு நேரே அவள் வீட்டுக்குள் இறங்கியது. தவறு தன்னுடையது என்று தட்டுத்தடுமாறி நோர்வே மொழியில் சொன்னான். தரிப்பிடத்துக்கு ஒரு கைகூட உயரவில்லை.

வெளியே வந்ததும், வேலை போனாலும் போகும் என்று சிரித்தான். பிறகு தயங்கி, "நீங்க உக்காராம நின்னதைப் பாத்தப்புறம்... என்னாலயும் உக்கார முடியலைங்க" என்றான்.

கோயம்புத்தூர்க்காரனைப் பிடித்துப்போயிற்று என்றால், யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருத்தனும் கிடைக்கவில்லையா என்று அம்மா வீட்டை இரண்டாக்குவாள். ஆக்கட்டுமே!

"அம்மா கத்துவா. கத்தட்டும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நான் ஆருக்கும் பயப்பிடன்... நீங்கள்?"

இளமாறன் அவள் கையைப் பிடித்தான்.

"வாங்க... இப்பவே போய் அம்மாகிட்ட சொல்லிடலாம்."