மடத்துச் சுவரில் ஒரு மீன்

நண்பகல் மணி அடித்து ஓய்ந்து அதிக நேரம் ஆகவில்லை. மெழுகுவத்தி எடுக்கப் பழைய உணவுக் கூடத்தைத் திறந்த மடத்துத் தலைவி தாய் பெலகேயா வாசலிலேயே நின்றுவிட்டார். கிழக்கு மூலையில் புனித நிக்கலாயின் திருப்படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

உள்ளங்கை அகலப் படம். வெள்ளித் தகடு போர்த்தியது. மடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஊரில் ஒரு குடும்பம் அதை மாவுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தது. மடம் மறுபடி திறந்தபோது கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள்.

தாய் பெலகேயா சத்தம் போடவில்லை. கீழே இறங்கி வந்து வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். காலையிலிருந்து உள்ளே வந்தவர்கள் நாலே பேர், யாரும் இன்னும் வெளியே போகவில்லை என்று வாசல் காக்கும் கன்னியாஸ்திரீ உறுதியாகச் சொன்னாள்.

அந்த நாலு பேரும் முற்றத்து லிண்டன் மரத்தடியில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

அது 1996 ஜூன் மாதம். நாலு பேருமே அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். போருக்குப் பிறகு லுகோவெட்ஸ் ஊரின் இந்த மடம் அனாதைப் பிள்ளைகளின் விடுதியாக இருந்தது. அவர்கள் இங்கேதான் வளர்ந்தார்கள். ஸினா விளதீமிர் நகரக் குற்றப் புலனாய்வில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ராயா நெசவாலைத் தொழிலாளியாக இருந்தவள். தீஹன் வோல்கா ஆற்றில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். வாலிபத்தில் மரம் திருடிச் சிறைக்குப் போனதை அவனே எல்லோரிடமும் சொல்லிவிடுவான். நாலாவது ஆள் வதீம்.

வதீம் கிடைத்தது ராயாவின் பாக்கியம். பழைய தோழர்களைத் தேடி அவள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தாள். ஸினாவும் தீஹனும் உடனே பதில் போட்டார்கள். வதீமின் பதில் கடைசியாக யாரொஸ்லாவிலிருந்து வந்தது. பதினாலு வயதில் தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டுப் போனவன். அவன் போன பிறகு ராயா எத்தனையோ நாள் வெளிக்கதவருகே போய் நின்றிருக்கிறாள். இப்போது வழுக்கையும் தாடியுமாக ரயிலை விட்டு இறங்கியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால், விடுதித் தலைவரின் தொப்பியை ஆடு தின்ற கதையை அவர் நடைமேடையிலேயே சொன்னார். அதற்குமேல் யார் சந்தேகப்படுவார்கள்? ராயாவின் பையை அவரே வாங்கிச் சுமந்துகொண்டார். அவள் இருபது வயது குறைந்தவள் மாதிரி நடந்தாள்.

காலை முழுக்க ஊரைச் சுற்றினார்கள். சந்தைத் திடல் பரஸ்கேவா தேவாலயத்தில் இப்போது பூசை நடக்கிறது. இவர்கள் காலத்தில் அங்கே மண்ணெண்ணெய் அளந்து ஊற்றி விற்பார்கள். தீஹன் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வாசனை இருக்கிறது என்றான். நட்சத்திரம் பதித்த நீலக் கோபுரங்கள் கொண்ட பெரிய தேவாலயம் அப்போது உருளைக்கிழங்குக் கிடங்கு. மேட்டுக்கரை ஆண்கள் மடத்தில் சனிக்கிழமை தோறும் இவர்களை வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டுவார்கள். அந்த மதில் ஓரமாக நடந்தபோது நாலு பேரும் தங்களை அறியாமலே இரண்டிரண்டு பேராக வரிசை கட்டியிருந்தார்கள். ஸினாதான் கவனித்துச் சிரித்தாள்.

கடைசியாகத் தங்கள் மடத்துக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் இவர்கள் படுத்துத் தூங்கிய உணவுக் கூடத்தைச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறப்பதில்லை. இங்கே வளர்ந்தவர்கள் என்பதால் தாய் பெலகேயா திறந்துவிட்டார். கல் படிக்கட்டில் ஸினா முதலில் ஏறினாள். பிறகு ராயா, தீஹன். கீழே நின்ற தாய் பெலகேயா, மூன்றாவது படியை மட்டும் எல்லோரும் ஏன் தாண்டிப் போகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது, சிரித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இது மரப்படி. மூன்றாவது பலகை ஆடும், மிதித்தால் சத்தம் கேட்டுக் காவல்காரி ஓடி வருவாள். முழங்கால் வலிக்கிறது என்று கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறிவந்த வதீமும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்.

கூடத்தின் தெற்குச் சுவரை பைபிள் கதையில் யோனாவை விழுங்கும் பெரிய மீன் அடைத்துக்கொண்டிருந்தது. பச்சை உடம்பு, நாய் மூஞ்சி, வாய் நிறையப் பல். மேலே படிந்திருந்த ஆறு அடுக்குச் சுண்ணாம்பைக் கலைஞர்கள் சுரண்டியெடுத்து இந்த ஓவியங்களை மீட்டதைத் தாய் பெலகேயா பெருமையோடு சொன்னார். அவர்கள் அதைப் பாதிதான் கேட்டார்கள். யார் கட்டில் எங்கே இருந்தது என்பதில் மூழ்கியிருந்தார்கள்.

"இந்த மீனுக்கு அடியிலதான் என் கட்டில்," என்றார் வதீம். "தூக்கம் வராட்டி அதோட பல்லை எண்ணிக்கிட்டே கிடப்பேன்."

"நான் அதைப் பார்த்துப் பயந்து போர்வையை இழுத்து மூடிக்குவேன்," என்றாள் ராயா. அவள் வீட்டுச் சமையலறைக் காலண்டரிலும் இதே மீன்தான். ஸினாவும் தலையாட்டினாள்.

தீஹன் மட்டும் முழித்தான். "என்ன மீன்? எனக்கு ஒரு மீனும் ஞாபகம் இல்லையே."

"வோல்கா மீனைத் தின்னு தின்னு உனக்கு இது மறந்துபோச்சுடா," என்று ராயா கிண்டல் செய்தாள்.

அப்போதுதான் மணி அடித்தது. அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது மணிக்கூண்டில் மணியே இல்லை. எப்போதோ இறக்கி உருக்கிவிட்டார்கள். அது எப்படி ஒலிக்கும் என்று அவர்கள் கேட்டதே கிடையாது. ராயா முதலில் ஓடினாள். பின்னால் ஸினாவும் தாய் பெலகேயாவும் தீஹனும். வதீம் மெதுவாகக் கடைசியில் இறங்கினார். முற்றத்தில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராயா அழுதாள். நடுவில் தீஹன் தொப்பியை மறந்துவிட்டு வந்ததாக மறுபடி மேலே போய்வந்தான். அவன் இறங்கியதும் தாய் பெலகேயா கதவைப் பூட்டினார்.

நடந்தது இவ்வளவுதான். மேலே தனியாக இருந்தவர்கள் இரண்டு பேர்: கடைசியில் இறங்கிய வதீம், திரும்பிப் போன தீஹன்.

படம் காணோம் என்று தெரிந்ததும் தீஹன் யாரும் கேட்காமலே தன் சட்டைப் பைகளில் இருந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டான். பேனாக்கத்தி, புகையிலை, சூரியகாந்தி விதை, இதய மாத்திரை. எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

வதீம் குரலைத் தாழ்த்தி ஸினாவிடம் பேசினார். "எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. ஆனா, இங்கே வளர்ந்தவனுக்கு அந்த மீன் எப்படி மறக்கும்? நாற்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து நான்தான் தீஹன்னு சொன்னா, நாம நம்பிட்டோம்."

அது ஸினாவுக்கு உறுத்தியது. நாற்பது வருஷம் கழித்து வந்தவன் தீஹன் மட்டும் அல்ல என்பதும் சேர்ந்தே உறுத்தியது. காவலர் வருவதற்குள் கூடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தாய் பெலகேயாவிடம் கேட்டாள். அவர் சாவியோடு கூடவே வந்தார்.

மேலே ஸினா ஆணியைப் பார்த்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள், இரும்புக் கம்பிகள் அசையவில்லை. பிறகு மீனுக்கு முன்னால் போய் நின்றாள். வால் நுனியில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. முன்பு சுவர் எப்படி இருந்தது என்று காட்டுவதற்காகக் கலைஞர்கள் அங்கே மட்டும் சுண்ணாம்பைச் சுரண்டாமல் விட்டிருந்தார்கள்.

ஸினா அந்தச் சதுரத்தைத் தொட்டாள். விரலில் மாவாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு மே மாதமும் வாளியும் மட்டையும் கொடுத்து இவர்களையே சுவருக்கு அடிக்கவைத்த சுண்ணாம்பு. கையெல்லாம் எரியும். எண்ணெய் தடவிவிடுவார்கள். சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, வெறும் வெள்ளை.

"இந்த மீனை எப்பம்மா வெளியே எடுத்தாங்க?"

"எழுபத்திரண்டில ஆரம்பிச்சாங்கன்னு சொல்வாங்க. ஏன்?"

ஸினா பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்தாள். அவர்கள் இங்கிருந்து போனது ஐம்பதுகளில். அந்த மீனை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க முடியாது. அவளும்தான் தலையாட்டினாள். மீனைப் பார்த்தபடியே தூங்கியதாக இன்று காலைவரை அவளே சத்தியம் செய்திருப்பாள்.

கீழே வந்தபோது காவலரும் வந்திருந்தார். ஸினா முதலில் தீஹனிடம் போனாள். தரையில் கிடந்த மாத்திரையையும் புகையிலையையும் பொறுக்கி அவன் மடியில் வைத்தாள். பிறகு மரத்தடியில் நின்றபடியே பேசினாள்.

"நம்ம நாலு பேர்ல தீஹன் ஒருத்தன்தான் சரியாச் சொன்னான். நம்ம காலத்துல அங்கே மீன் கிடையாது. மேலே நாமளே அடிச்ச சுண்ணாம்புதான் இருந்துச்சு. காலண்டர்லயும் தபால் அட்டையிலயும் பார்த்துப் பார்த்து, ராயா பயந்ததா நெனச்சுக்கிட்டா. நானும் நெனச்சுக்கிட்டேன்."

"அப்போ எனக்கும் அப்படித்தானே," என்றார் வதீம்.

"உங்களுக்கும் அப்படி இருக்கலாம். அதனால மீனை விட்டுடுவோம். படிக்கு வருவோம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"மூணாவது படியை நான் தாண்டினேன். ராயா தாண்டினா. மீன் ஞாபகம் இல்லாத தீஹனும் தாண்டினான். தாண்டினது எங்களுக்கே தெரியலை, அம்மா சொல்லித்தான் தெரிஞ்சது. நீங்க மிதிச்சு ஏறினீங்க. முழங்கால் வலின்னீங்க. அந்தப் படிக்காக எங்க எல்லாரையும்விட அதிகமா அடி வாங்கினது வதீம்தான். தொப்பி, ஆடு எல்லாம் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்டு வெச்சுக்கலாம். காலுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டாங்க."

வதீம் என்று வந்தவரின் பார்வை ராயாவின் பைப் பக்கம் போய்த் திரும்பியது.

"ராயா, உன் பையைத் திற," என்றாள் ஸினா.

ஊறுகாய் வெள்ளரிக்காய்ப் புட்டிக்கு அடியில், ஆண்கள் வைத்துக்கொள்ளும் கட்டம் போட்ட கைக்குட்டைக்குள் இருந்தது படம். தாய் பெலகேயா அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"ரயில் நிலையத்திலேர்ந்து இந்த மரத்தடி வரைக்கும் பை இவர் கையிலதான் இருந்துச்சு," என்று ஸினா காவலரிடம் சொன்னாள். "எங்களையெல்லாம் சோதிச்சாலும் ராயா பையை யாரும் கிளற மாட்டாங்கன்னு நெனச்சிருப்பார்."

அந்த ஆள் எழுந்தார். "அவ பையில இருந்தா அவளைக் கேளுங்க. என்னை ஏன் கேக்கறீங்க?"

சின்ன வயதில் ஒருமுறை கூடத்து ஜன்னல் கண்ணாடியை ராயா உடைத்தபோது, தான்தான் உடைத்தேன் என்று முன்னால் வந்து நின்று, மூன்று நாள் இருட்டறையில் கிடந்தவன் வதீம். இப்போது அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் வதீம் அப்படிச் சொல்ல மாட்டான்," என்றாள்.

அதன் பிறகு அவர் மறுக்கவில்லை. பெயர் அர்க்காதி. யாரொஸ்லாவில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீட்டில் வதீமுக்கு அடுத்த அறை. பழைய படங்களை வாங்கி விற்கும் ஆட்களோடு பழக்கம். குளிர்காலங்களில் இரண்டு பேரும் சமையலறையில் டீ குடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வதீம் இந்த மடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். விளம்பரத்தைப் பார்த்தபோது வதீம் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காவலர் இதையெல்லாம் கேட்டு முடித்து, கிளம்பலாம் என்றார்.

தீஹன் வந்து ஸினாவின் பக்கத்தில் நின்றான். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ராயாவைப் பார்க்கச் சொன்னான்.

ராயா அர்க்காதியிடம் போய்க்கொண்டிருந்தாள். அடிக்கப்போகிறாள் என்று காவலர் நினைத்து நடுவில் வந்தார். அவள் அவரை விலக்கினாள்.

"என்னைப் பத்திச் சொல்லுவானா?"

அர்க்காதி தலையைக் குனிந்துகொண்டார். "ராயேச்கான்னு செல்லப் பேர் வெச்சிருந்தார். எப்பவும் அப்படித்தான் சொல்வார். நீங்க ரொட்டியோட கருகின ஓரத்தை அவருக்குப் பிச்சுக் குடுப்பீங்களாம். தேடி வரணும்னு ரெண்டு தடவை டிக்கெட் எடுத்தார். குழந்தை குட்டியோட இருப்பா, போய் நின்னா என்ன நெனைப்பாளோன்னு திரும்ப வந்துட்டார்."

ராயாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதை அவள் சொல்லவில்லை.

ஸினாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். எதிரில் இருப்பவன் சொல்வதில் எது நிஜம், எது பொய் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இப்போது அவள் அர்க்காதியின் கண்ணைப் பார்க்கவில்லை. காவலரின் சட்டைக் கையைப் பிடித்து இரண்டடி தள்ளி அழைத்துப் போனாள்.

"கொஞ்ச நேரம் பொறுங்க," என்றாள். "எங்கேயும் ஓடிட மாட்டான்."

மரத்தடிப் பெஞ்சியில் ராயா ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"உட்காரு," என்றாள் அந்தத் திருடனிடம். "வேற என்னென்ன சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லு."