பிடரிப் பின்னல்

சூளைக்காரியின் பிடரி மயிரை யாரோ பின்னியிருந்தார்கள். காலையில் லாயத்துக்குள் குதிரை லத்தி வாரப் போன அக்கா, இடுப்பில் வைத்த கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். மழை ஈரமும் வைக்கோல் புழுக்கமும் கலந்த அந்த மங்கலில், குருட்டுக் குதிரையின் கழுத்தோரம், சின்னச் சின்னதாக இழுத்துக் கட்டிய பின்னல்கள் வரிசையாகத் தொங்கின. கழுத்தில் கை வைத்தாலே கடிக்க வருகிற குதிரை, கீழுதடு தொங்க, சொக்கிப்போய் நின்றிருந்தது.

அக்காவுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? செங்கல் சூளையில் வண்டி இழுத்தே கண் இரண்டும் அவிந்து, கழுத்தெல்லாம் புண்ணாகிக் கிடந்த குதிரையை, முதலாளியோடு மல்லுக்கட்டி லாரியில் ஏற்றி வந்தவள் அவள். மருந்து போடப் போய்க் கடி வாங்கியவளும் அவள்தான். இந்தக் குதிரைக் காப்பகத்தை அவள் தொடங்கியபோது எட்டிக்கூடப் பார்க்காத தங்கை, எல்லாம் ஒரு வழிக்கு வந்த பிறகு வந்து சேர்ந்துகொண்டு, சூளைகளில் குதிரைகளைப் பூட்டத் தடை வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தது. ஊரெல்லாம் தங்கையைத்தான் குதிரைகளின் தாய் என்றது. அம்மா இருந்த காலத்திலும் மடி அவளுக்குத்தான். மேடை அவளுக்கு, லத்தி எனக்கு, போகட்டும் என்று அக்கா மனதைத் தேற்றி வைத்திருந்தாள். இந்த ஒரு குதிரையாவது ஒருநாள் தன்னை நம்பிக் கழுத்தைக் கொடுக்கும் என்று காத்திருந்தாள். இப்போது அதையும் தங்கை தட்டிப் பறித்துவிட்டாள்.

கேட்டதற்குத் தங்கை கண்ணை அகல விரித்தாள். "நான் அது பக்கத்துலயே போகலக்கா. நீதான் பின்னி விடறேன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

மேடையில் பழகிய வாய் எதைத்தான் சொல்லாது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். பின்னல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் குதிரை தோலைச் சிலிர்த்துக்கொண்டு விலகியது. மறுநாளும் பின்னியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

அந்த வாரக் கடைசியில், தடைச் சட்டம் பற்றி அதிகாரிகளிடம் பேச, இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லித் தங்கை நகரத்துக்குக் கிளம்பினாள். வண்டி வளைவு திரும்பி மறையும் வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டது சனி. இன்றைக்கு ஒரு நாளாவது அந்தக் குதிரை தனக்கு மட்டும்.

மாலையில் தீவன வாளியோடு லாயத்துக்குப் போனாள். தகரக் கூரையில் மழை நிதானமாகக் கொட்டிக்கொண்டிருக்க, மற்றக் குதிரைகள் எல்லாம் மறுகோடியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றன. ஒன்றும் வாளிச் சத்தத்துக்குத் திரும்பவில்லை. சூளைக்காரி மட்டும் தனியே, தலை தாழ்த்தி நின்றது. பிடரியில் ஒரு பின்னல் பாதியில் நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முனை மெல்லத் தளர்ந்து பிரிந்தது. விரல்கள் இப்போதுதான் விட்டுப் போயிருந்தன.

ஆக, தங்கை நகரத்துக்குப் போகவே இல்லை. வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்திருக்கிறாள். அக்கா குதிரையின் கயிற்றைக் கம்பத்தோடு இழுத்துக் கட்டினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். காதுக்குப் பின்னாலிருந்து தோள் வரை, பிடரி மயிரை ஒட்ட வெட்டித் தள்ளினாள். எதைப் பின்னுகிறாள் என்று பார்த்துவிடலாம்.

குதிரை கடிக்க வரவில்லை. ஆளில்லாத மூலையைப் பார்த்துத் தலையைத் தூக்கிக் கனைத்தது. குட்டியைப் பறிகொடுத்த குதிரைகள் அப்படிக் கனைத்து அவள் கேட்டிருக்கிறாள்.

அந்த மூலையிலேயே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து விளக்கை அணைத்தாள். தங்கை எப்படியும் வருவாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

மழை. தகரம். குதிரைகளின் மூச்சு. ஈர வைக்கோல் வாசனைக்கு நடுவே, எங்கிருந்தோ, சுட்ட செங்கல் வாசனை.

பின்னாலிருந்து அவள் கொண்டை அவிழ்ந்தது.

விரல்கள்.

"சமாதானம் பண்ண வந்துட்டியா?" திரும்பாமலே கேட்டாள். விரல்கள் சிக்கெடுத்தன, வலிக்காமல், அவசரமில்லாமல். அம்மா போன பிறகு அவள் தலையை யாரும் தொட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. வெட்டியிருக்கக் கூடாது என்று நினைத்தாள். பேரும் மேடையும் இவளுக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

"நல்லா இறுக்கிப் பின்னு" என்றாள்.

வாசலில் வண்டிச் சத்தம். கதவு திறந்தது. தோளால் சுவிட்சைத் தட்டிக்கொண்டு தங்கை உள்ளே வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். இரண்டு கையிலும் பை.

தங்கை அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவின் தலைக்கு மேலே பார்த்தாள். அதற்கும் மேலே. கூரை வரைக்கும்.

பைகள் விழுந்தன.

"அக்கா. அசையாத."

விரல்கள் நிற்கவில்லை. மூன்றாகப் பிரித்தன. இழுத்தன. அக்காவின் முகம் மேல் நோக்கி நிமிர்ந்தது. எழ முடியவில்லை.

கம்பம் கிறீச்சிட்டது. சூளைக்காரி அவள் பக்கம் திரும்பியிருந்தது. காதுகள் தலையோடு படிந்திருந்தன. பற்கள் தெரிந்தன. அந்த முகத்தை அக்காவுக்குத் தெரியும். இத்தனை நாள் அவளிடம் இருந்த முகம்தான் அது. பொறாமை.

ஒரு பின்னல் முடிந்தது. விரல்கள் அடுத்த கற்றையைத் தேடின.

கயிறு அறுந்தது. குருட்டுக் குதிரை, கொஞ்சமும் வழி தவறாமல், அவளை நோக்கி நடந்து வந்தது.