உள்ளிருந்து ஒட்டிய முகம்

கடைசி முகம் எப்போதும் கொஞ்சம் பிசகித்தான் ஒட்டும். அட்டையை மடித்து ஒட்டிக் கனசதுரம், பிரமிடு என்று கனவடிவங்கள் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மற்ற பக்கங்களை உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலும் கொடுத்து அழுத்திவிடலாம். மூடுகிற பக்கத்துக்கு உள்ளே விரல் போக வழியில்லை. அதனால் அதன் ஓரம் எங்காவது பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஓய்வு நேரமெல்லாம் இதே வேலையாக இருக்கும் மருந்துக்கடைக்காரன், அப்போதுதான் ஒட்டி முடித்த வடிவத்தைப் பார்த்தான். கடைசி முகம் கச்சிதமாக ஒட்டியிருந்தது. உள்ளிருந்து யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

அவன் அதைத் தூக்கித் திருப்பினான். நடையின் கோடியில், மகளின் அறைப்பக்கம், தொப்பென்று ஏதோ விழுந்தது. அழிச்சாட்டியம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரத்துக்கு முன் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், அலமாரியில் அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த வடிவங்களுக்கெல்லாம் கலர் பென்சிலால் மீசை வரைந்துவிட்டாள். அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. தரதரவென்று இழுத்துப்போய் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். மனம் ஆறுவதற்கு, வழக்கம்போலக் கண்ணை மூடி ஒரு வடிவத்தை நினைத்தான். அதை மனதுக்குள் சுழற்றி, உள்ளே புகுந்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்து, பிறகு பக்கம் பக்கமாகப் பிரித்து அட்டையில் வரைவது அவன் பழக்கம். இன்று வந்து நின்றது மகளின் அறை. சாய்ந்த கூரை, ஒரு பக்கம் குட்டையான சுவர். அதைத்தான் அட்டையில் வரைந்து வெட்டி ஒட்டினான்; கதவையும் ஜன்னலையும் மட்டும் வரையவில்லை. ஓட்டை இருந்தால் அது கனவடிவமே இல்லை. உள்ளேயே கிடக்கட்டும் என்றும் நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்கு இனித்தது.

"குட்டி, போதும், வெளிய வா" என்று கூப்பிட்டபடி இப்போது வடிவத்தை மேசையில் வைத்துவிட்டு நடைக்குப் போனான். மாலை வெளிச்சம் பாதித் தூரத்தோடு நின்றுபோயிருந்தது. பசை வாடை மூக்கில் ஏறியது. கைப்பிடியைத் தேடிய கை வழவழவென்று சுவரிலேயே போய்க்கொண்டிருந்தது. நிலை இல்லை. கதவு இல்லை. சுவர்.

"அப்பா, கதவைக் காணோம்."

"விளையாடாத."

"நெஜமாப்பா. ஜன்னலும் இல்ல. ஒரே இருட்டு. மூச்சு முட்டுது."

சுவர் முடிகிற இடத்தில் அவன் நகம் ஒரு மடிப்பில் இடறியது. அட்டை மடிப்பு. பசை இன்னும் காயவில்லை.

மேசைக்கு ஓடினான். ஒரு விரலால் வடிவத்தை லேசாகத் தள்ளினான். நடையிலிருந்து அலறல் வந்தது. "அப்பா, தரை நகருது!"

கத்தியை எடுத்தான். அட்டையை அறுத்துவிடலாம். ஆனால் எந்தப் பக்கம்? உள்ளே இறங்கப்போகிற கத்திமுனை அவள் உயரம் இருக்கும். "குட்டி, எந்த மூலையில இருக்க?"

"தெரியலப்பா."

கத்தியைப் போட்டுவிட்டுச் சுத்தியலோடு சுவருக்கு ஓடினான். அடித்தான். சுவர் உடையவில்லை, குழிந்தது. மறுபடி அடித்தான். உள்ளே அவள் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வாசல் கதவு திறந்தது அவன் காதில் விழவில்லை.

"என்னங்க இந்த இடி இடிக்கிறீங்க?" துணிக்கடை வேலை முடிந்து வந்த மனைவியின் குரல், மேசைப்பக்கமிருந்து. "இது புதுசா? உள்ள என்ன போட்டு ஒட்டியிருக்கீங்க?"

மூடிய பெட்டி கையில் கிடைத்தால் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

தரை. கூரை. தரை. சுவர் அவன் உள்ளங்கைகளில் அதிர்ந்தது.

"ஆட்டாத! கீழ வை!"

"ஒரு அட்டைக்கு இந்தக் கூப்பாடா? புள்ளயப் பாக்காம இதையே கட்டிட்டு அழுங்க." விசிறியெறிந்தாள்.

சுவருக்குள் ஒரே ஒரு சத்தம். அப்புறம் மூச்சுகூட இல்லை.

"குட்டிம்மா, அம்மா வந்துட்டேன், எங்கடா இருக்க?" குரலைக் குழைத்துக்கொண்டு அவள் நடைக்கு வந்தாள். அவன் திரும்பவில்லை. சுவரின் அடியோரம், நனைந்த அட்டையாக, மெல்ல ஊறிச் சிவந்துகொண்டிருந்தது.