ஜோடி விசில்

சித்தேரி மலையில் இருந்த வன முகாமின் முன்னால் பேருந்து நின்றபோது மழை விட்டிருந்தது. பிள்ளைகள் பைகளோடு இறங்கினார்கள். உடற்கல்வி ஆசிரியை கோகிலவாணி கழுத்தில் தொங்கிய விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வேண்டாங்க மிஸ்." முகாம் பொறுப்பாளர் மாதவராஜ் வேகமாக வந்தார். "இங்க விசில் ஊதறதில்லீங்க."

"ஏங்க?"

"மிருகங்க மிரளும்."

அவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. காட்டுப் பக்கக் கேட்டை ஒட்டிய சமையற்கட்டின் ஓரம் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. கூப்பிட வேண்டுமானால் அதைத்தான் தட்டுவோம் என்றார்.

கோகிலவாணி எங்கேயும் தலையெண்ணிக்கை எடுப்பதில்லை. ஆளுக்கொரு ஜோடி. விசில் கேட்டதும் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். ஜோடியில் ஒருவர் தேடி வரும்வரை மற்றவர் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. இந்த முறை காவியாவின் ஜோடி மலர்விழி காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"எனக்கு யாரு மிஸ்?"

"நான்தான்."

"மாட்டுனடி," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "இனி முறுக்குகூட ஒளிச்சுத் திங்க முடியாது."

காவியா ஒரே பிள்ளை. காலையில் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்ட அம்மா செல்லி, ஜன்னல் கம்பியை விடவே இல்லை. "உங்கள நம்பித்தான் வுடறேன் மிஸ்."

மாதவராஜ் ஜோடிக் கணக்கைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"அப்ப உங்க பக்கம் எல்லாருக்கும் ஜோடி இருக்குது," என்றார்.

அவர் சொன்ன விதம் கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை.

மதியம் முள் கிழித்துக் காவியாவின் வலது உள்ளங்கையில் ரத்தம் வந்தது. சமையல்காரம்மா சென்னம்மாள் மஞ்சள் வைத்து, வெள்ளைத் துணி கிழித்துக் கட்டிவிட்டாள்.

மாலையில் காட்டைக் கேட்கும் பயிற்சி. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தடியில் தனியாக, கண்ணை மூடி உட்கார்ந்து, காதில் விழும் ஓசைகளை நினைவில் வைக்க வேண்டும். மாதவராஜ் கேட் வரை வந்தார்.

"நீங்க வரலீங்களா?"

"நான் இங்கயே நின்னு தட்டறேன் மிஸ். சத்தம் கேட்டதும் வந்துருங்க."

கேட்டை உள்பக்கம் தாழிட்டார். பாதையில் புல் மண்டியிருந்தது. பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போவதுதான் அவர் வேலை. கடைசியாக எப்போது போனார் என்று கோகிலவாணி யோசித்தாள்.

பனி இறங்கியது. முதலில் தூரத்து மரங்கள் மறைந்தன. பிறகு பக்கத்து மரங்கள். தண்டவாளம் ஒலிக்கவில்லை.

காத்திருந்தாள். எங்கோ ஒரு பிள்ளை "மிஸ்" என்றது. இன்னொன்று அழத் தொடங்கியது.

விசிலை ஊதினாள்.

காடு முழுக்கச் சருகுகள் அசைந்தன. சிரிப்பும் ஓட்டமும் கேட்டன. பனிக்குள் கைகள் ஜோடி ஜோடியாக உயர்ந்தன. அவளுடைய இடது கைக்குள்ளும் ஒரு சின்னக் கை வந்து நுழைந்தது.

சில்லென்றிருந்தது.

பிள்ளைகள் கேட்டை நோக்கி நடந்தார்கள். அவள் கடைசியில் வந்தாள். பக்கத்தில் காலடிச் சத்தமே இல்லை. மக்கிய இலையின் வாடை மட்டும் கூடவே வந்தது. கோகிலவாணி கட்டைவிரலால் அந்த உள்ளங்கையைத் தடவினாள்.

துணி இல்லை.

"காவியா, கட்டு எங்கடி?"

பிடி இறுகியது.

பின்னால், வெகு தூரத்தில், ஒரு குரல்.

"மிஸ், எனக்கு ஜோடி வரல. நான் எந்திரிக்கலாமா?"

கையை உதறினாள். அது விடவில்லை. முன்னால் கேட்டின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. ஓடிவிடலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த செல்லியின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

திரும்பி நடந்தாள்.

அதுவும் கூடவே வந்தது.

காவியா சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக மூடி, வெள்ளைக் கட்டுப் போட்ட கையைத் தனியாக உயர்த்தி. கோகிலவாணி தன் வலது கையால் அதைப் பற்றினாள்.

"கண்ணத் தொறக்காத. நட."

கொஞ்ச தூரம் வந்ததும் காவியா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அந்தப் பக்கம் யாரு மிஸ்?"

"யாருமில்ல."

"மூச்சு வுடறது கேக்குது."

மாதவராஜ் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். அதைத் தாண்டியதும் இடது கை லேசானது. பார்த்தாள். வெறும் கை. விரல் பதிந்த இடங்கள் வெளுத்திருந்தன.

அவர்கள் உள்ளே வந்த பிறகும் மாதவராஜ் கேட்டைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, யாருடைய காலிலோ இடித்துவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாகச் சாத்தினார்.

"ஏங்க தட்டல?"

"தட்டிட்டேதான் இருந்தேன். கேக்கலீங்களா?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். அதன் அடிவிளிம்பில் பனித்துளிகள் வரிசையாக, ஒன்றுகூட உதிராமல் நின்றன.

மறுநாள் காலை பேருந்து முதல் வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான, நிதானமான விசில். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கேட் அகலத் திறந்து கிடந்தது. மாதவராஜ் விசிலை ஊதிக்கொண்டே காட்டுப் பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"மிருகங்க மிரளாதா மிஸ்?" என்றாள் காவியா.

கோகிலவாணி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

திங்கட்கிழமை மலர்விழி பள்ளிக்கு வந்துவிட்டாள். மைதானத்தில் நல்ல வெயில். கோகிலவாணி விசிலை வாயருகே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு ஊதினாள்.

கைகள் ஜோடியாக உயர்ந்தன. மலர்விழியின் கையோடு காவியாவின் வெள்ளைக் கட்டும் தெரிந்தது. தனிக் கை எதுவும் இல்லை. இனி தனக்கு ஜோடி தேவையில்லை என்று நினைத்தாள்.

மக்கிய இலையின் வாடை வந்தது.

அவளுடைய இடது கை மெல்ல மேலே உயர்ந்தது.

அவள் உயர்த்தவில்லை.