எண்பத்தாறாம் பக்கத்து டிக்கெட்

வித்யாலட்சுமியின் அப்பா ஏரிகளை ஆராய்ச்சி செய்பவர். பெங்களூரில் எந்த ஏரி எங்கே இருந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அன்று சனிக்கிழமை. வழக்கம்போல வித்யாதான் கண்ணாடியைத் தேடினாள். அது அப்பாவின் மேஜையில் ஒரு பழைய புத்தகத்துக்கு அடியில் இருந்தது. பெங்களூர் ஏரிகளைப் பற்றிய தமிழ்ப் புத்தகம். உள்ளே சிவாஜிநகர் நூலகத்தின் முத்திரை.

"அப்பா, இதை எப்ப எடுத்துட்டு வந்தீங்க? தேதியே போடலையே?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "மூணு மாசம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லாம பையில போட்டுட்டு வந்துட்டேன்."

"அப்போ இது திருட்டு இல்லையா?"

"சேச்சே! ஆராய்ச்சிக்காக எடுத்தா திருட்டா? இந்தத் தேதிச் சீட்டைப் பாரு. ஒரு முத்திரைகூட இல்ல. யாருமே சீண்டாத புத்தகம். நான்தான் காப்பாத்தியிருக்கேன்."

வித்யா பக்கங்களைப் புரட்டினாள். எண்பத்தாறாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அதன் பின்னால் பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'அடுத்த ஞாயிறு இங்கிருந்து.'

"இது உங்க எழுத்தாப்பா?"

"இல்லையே. ஏதோ குப்பைன்னு விட்டுட்டேன்."

"யாரோ அங்கேயே உட்கார்ந்து படிச்சிருக்காங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதவங்களுக்கு யாரு தேதி போடுவாங்க?"

அப்பா தேதிச் சீட்டைப் பார்த்தார். டிக்கெட்டைப் பார்த்தார். அவருடைய இரண்டு காதுகளும் சிவந்துவிட்டன.

"நாளைக்கு ஞாயிறுதான்," என்றாள் வித்யா.

"நூலகர் ஷங்கர் என்னைப் பார்த்தாலே எழுந்து நிப்பாரும்மா. இனிமே என்ன நினைப்பாரு?"

வித்யாவுக்குப் பாவமாக இருந்தது. "நானும் வர்றேன்ப்பா. நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கறேன்."

மறுநாள் அப்பா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வித்யா கையை விடவே இல்லை.

ஷங்கர் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். "இதுக்காக ஒரு அம்மா ஒவ்வொரு ஞாயிறும் வர்றாங்க சார். இல்ல, இல்லன்னு சொல்ல எனக்கே வெட்கமா இருந்தது."

பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார். பெயர் அல்போன்சா. துணிக்கடையில் வேலை பார்ப்பவர். அலமாரியில் புத்தகத்தைக் கண்டதும், "அட, வந்துடுச்சா!" என்று எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவர் அதைத் திறந்தார். டிக்கெட் அதே பக்கத்தில் இருந்தது.

"ஆன்ட்டி, இந்தப் புத்தகம் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள் வித்யா.

"மழை பெஞ்சா எங்க வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி வருதும்மா. அங்க முன்னாடி ஏரி இருந்துச்சான்னு தெரிஞ்சா மனு எழுதலாம்."

அப்பா முன்னால் வந்தார். "உங்க வீடு எங்கம்மா?"

அவர் தெருப்பெயரைச் சொன்னார்.

"நூத்திநாலாம் பக்கம்!" என்றார் அப்பா. "மனு எழுத நானும் உதவி பண்றேன்."

அல்போன்சா சிரித்தார். "ரொம்ப நன்றி சார். ஆனா எண்பத்தாறுல இருந்தே வர்றேன். நடுவுல எதையும் விட்டுடக் கூடாது."

அவர் விரலை வரிமேல் வைத்து மெதுவாகப் படிக்கத் தொடங்கினார்.

அப்பாவுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு சந்தேகம் பார்க்க வேண்டியிருந்தது. "எப்ப முடிப்பாங்க?" என்று வித்யாவின் காதில் கேட்டார்.

"இன்னும் மூணு நாலு ஞாயிறு ஆகும்ப்பா."

அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் முறைக்காகக் காத்திருந்தார்.