மூலக் கை

ஒவ்வொரு திருமணக் காலையிலும் டெல்பின் செய்யும் முதல் வேலை, விசுவாசமானியின் கண்ணாடித் தட்டை ஈரத்துணியால் துடைப்பது. புன்னைத்துறை மாதா கோயிலின் வாசல் தூணில், முன்பு தீர்த்தத் தொட்டி இருந்த இடத்தில் அதைப் பதித்திருந்தார்கள். மணமக்கள் தட்டில் கை வைத்து விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். கருவி தோல் வழியே நரம்பதிர்வைப் படிக்கும். இருவருக்கும் பச்சை எரிந்தால் கதவு தானே திறக்கும். ஒருவருக்குச் சிவப்பு எரிந்தாலும் பேண்டு வாத்தியக்காரர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அதைக் கொண்டுவந்தவர் கோயில் கமிட்டித் தலைவர் கஸ்பார் மோத்தா. கடல் ஏறிக் கரையோர ஊர்களை விழுங்கியபின் மிஞ்சிய ஒரே பழைய கோபுரம் இது. சாமி கும்பிடாத ஜோடிகளெல்லாம் பறக்கும் கேமராக்களோடு வந்து குவிந்தார்கள். "படம் புடிக்க வேற எடமா இல்ல? நம்பாதவனுக்குக் கோயில் கல்யாணம் எதுக்குல?" என்று ஊர்க்கூட்டத்தில் கஸ்பார் கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமானது. டெல்பினும் தட்டினாள்.

அதற்கடுத்த தை மாதம் அவளுக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பெனடிட்டுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அவளுக்காகத்தான் வந்தான். அவனுக்குப் பச்சை எரிந்தது. அவளுக்குச் சிவப்பு.

"நான் நடிக்கல" என்றாள் டெல்பின். "நடிக்க வந்தவங்க கெளம்பலாம்" என்றார் கஸ்பார், ஊர் முழுக்கக் கேட்கும்படி. பெனடிட்டும் கருவியைத்தான் நம்பினான். "நீயே நம்பலன்னா என்னைய எதுக்கு இங்க இழுத்துட்டு வந்த?" என்று கேட்டவன், மறுநாள் கப்பலேறிப் போனான். திரும்பவே இல்லை.

பிற்பாடு அந்தக் கருவியின் பராமரிப்பு வேலையை அவளே கேட்டு வாங்கினாள். ஊர் அதைப் பரிகாரம் என்று எடுத்துக்கொண்டது. அவள் மறுக்கவில்லை. அதன் வயிற்றைக் கிழித்துப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

பார்த்தாள். கருவிக்கு நம்பிக்கை என்றால் என்னவென்றே தெரியாது. யாராவது முதலில் கை வைத்துக் காட்ட வேண்டும். அதுதான் மூலக் கை. பிறகு வரும் கைகளை அதோடு ஒப்பிடுவது மட்டுமே அதன் வேலை. 'உறுதியான விசுவாசி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்' என்றுதான் கருவி செய்த நிறுவனம் சொல்லியிருந்தது. ஊர் யோசிக்கவே இல்லை. சப்பரத்து வடத்தை முதலில் தொடுகிற கை எதுவோ, அதுதானே இதையும் தொட வேண்டும்? கஸ்பார் கை வைத்தார். வெடி போட்டார்கள்.

அந்த முதல் பதிவைத் திரையில் விரித்தபோது டெல்பின் சிரித்தாள். பிரமாணம் தொடங்கியதிலிருந்து ஆமென் வரை ஒரு நேர்கோடு. ஓர் அசைவு இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. கஸ்பாரின் மகள் ஜெனிட்டா சாதாரண நாட்களில்கூட மாதா முன்னால் தனியாக முழந்தாளிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்காகக் காத்திருந்தாள்.

இன்று அந்தக் கல்யாணம். மாப்பிள்ளை ரெக்சனுக்குப் பச்சை எரிந்தது. ஜெனிட்டாவுக்குச் சிவப்பு.

வாத்தியம் நின்றது. "ஏ டெல்பின், மெஷின என்ன செஞ்ச?" என்று கத்தினார் கஸ்பார்.

"தொடச்சேன் அண்ணாச்சி."

"மறுபடி வையி மக்கா" என்றார் கஸ்பார் மகளிடம்.

மறுபடியும் சிவப்பு.

"நடிக்க வந்தவங்க கெளம்பலாம்" என்றாள் டெல்பின். வருடக்கணக்காக வாய்க்குள் வைத்திருந்த சொல். இனித்தது.

"நான் நடிக்கலக்கா" என்றாள் ஜெனிட்டா. அதே சொல், அதே படியில். டெல்பின் அவளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தாள்.

"இது நம்பிக்கைய அளக்கல. இவரத்தான் அளக்குது. பச்சைன்னா உள்ள இவர மாதிரி, சிவப்புன்னா இவர மாதிரி இல்ல, அவ்வளவுதான். அண்ணாச்சி, பிரமாணம் சொல்லும்போது உங்களுக்கு உள்ள என்ன ஓடும்? மகளுக்காகவாவது உண்மையச் சொல்லுங்க."

கஸ்பார் மகளைப் பார்த்தார். வெள்ளை உடையில் நின்ற அவள், தட்டிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணும் ஓடாது" என்றார். "சின்னதுலருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

பச்சை வாங்கிக் கல்யாணம் முடித்தவர்கள் தங்கள் ஜோடியைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்னால், சிவப்பு வாங்கிப் போன ஒருத்தி வாய்விட்டு அழுதாள். கஸ்பார் படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் தூக்க வரவில்லை.

"அப்ப ஒனக்கு நம்பிக்கையே இல்லியா?" என்றாள் ஜெனிட்டா, ரெக்சனிடம்.

"இல்ல. ஒனக்காகத்தான் வந்தேன்."

"சரி, வா. எனக்கு இருக்குல்லா" என்று அவன் கையைப் பிடித்தாள். பங்குத்தந்தை சூசை சாமியார் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். பேண்டு தயங்கித் தயங்கித் தொடங்கியது. கூட்டம் உள்ளே போனது.

வாசலில் இரண்டே பேர். மூலக் கையை அழிக்கும் முன் டெல்பினுக்கு ஓர் ஆசை. அந்தச் சிவப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அன்று அவமானம், இன்று அதுதானே அவள் நம்பிக்கைக்கு அத்தாட்சி? தட்டில் கை வைத்தாள். கண்ணை மூடி, ஒரு சொல் விடாமல் பிரமாணத்தைச் சொல்லி முடித்தாள்.

பச்சை எரிந்தது.

படியில் உட்கார்ந்திருந்த கஸ்பார், தலையைத் தூக்கி அதைப் பார்த்தார்.